வாடகைத் தாய்: வீட்டுக்குள் கேட்கப்படாத கேள்விகள்

2022 ஜனவரி 25 முதல் இந்தியாவில் பணம் கொடுத்து ஒரு பெண்ணைப் பிள்ளை சுமக்க வைப்பது குற்றம். வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2021 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நாம் வழங்கும் ‘வாடகைத் தாய்’ என்ற சொல்லில் முதற்பாதி இன்று சட்டத்திற்குப் புறம்பானது. வேறு நல்ல சொல் வழக்கில் இல்லாமையால் இங்கும் அதையே எழுதுகிறோம். அதே ஆண்டு அக்டோபரில் திரைத்துறையைச் சேர்ந்த ஓர் இணையர் இம்முறையில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற செய்தி வெளியாயிற்று. தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்து, விதிமீறல் இல்லையென்று அறிக்கை வந்தது. அந்தச் சில வாரங்களில் இந்தச் சொல் நம் வீட்டு அடுக்களைகளுக்குள்ளும் வந்து அமர்ந்துவிட்டது. பிள்ளையில்லாத மருமகள் இருக்கும் வீடுகளில் அது இன்னும் எழுந்து போகவில்லை.

இம்முறையை நாடும் கணவன் மனைவிக்கு மருத்துவமனை ஒன்றைச் சொல்கிறது, சட்டம் ஒன்றைச் சொல்கிறது, மார்க்கம் ஒன்றைச் சொல்கிறது. மூன்றையும் ஒருசேர எடுத்துரைப்போர் நம்மிடையே மிகக் குறைவு. இவை மூன்றுக்கும் நடுவில் உண்மையாகவே பத்து மாதம் சுமக்கப்போகும் பெண்ணைப் பற்றிப் பேசுவோர் அதனினும் குறைவு.

மார்க்கத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுவோம். 1984இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹ் பேரவை ஒரேயொரு வடிவத்திற்கு இடம் தந்தது: ஒருவருக்கு மனைவியர் இருவர் இருந்து, ஒருவரின் முட்டையில் உருவான கருவை மற்றவர் சுமப்பது. சுமக்கும் மனைவி அதே காலத்தில் தானும் இயல்பாகக் கருவுற்றால் எந்தப் பிள்ளை எவருடையது என்பது குழம்பிவிடும் என்ற ஐயம் எழுந்தது. மறு ஆண்டே பேரவை அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1986 அக்டோபரில் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, செயற்கைக் கருத்தரிப்பின் ஏழு முறைகளை ஆராய்ந்து ஐந்தைத் தடுத்தது. கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து அதே மனைவியின் கருப்பையில் வளரும் இரண்டு முறைகளை மட்டும் தேவையின்போது கூடும் என்றது. பிறர் கருப்பையில் வைப்பது தடுக்கப்பட்ட ஐந்தினுள் அடங்கும். ஈரானின் ஷியா அறிஞர்கள் பலர் வேறுபட்ட கருத்துக் கொண்டிருப்பதால் அந்நாட்டில் இம்முறை வெளிப்படையாகவே நடைபெறுகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் நாம் பின்பற்றும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளைச் சார்ந்த உலமாக்களிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘கூடாது’ என்பதே.

நாமும் அந்த விடையையே ஏற்கிறோம். ஆயினும் அந்த விடை பெரும்பாலும் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முட்டை எடுத்தாயிற்று, கரு உருவாக்கி உறைநிலையில் வைத்தாயிற்று, நகைகள் அடகுக் கடைக்குப் போயாயிற்று. அதன் பிறகே ஆலிம் ஒருவரைத் தேடிச் செல்கிறார்கள். அப்போது அவர்கள் கேட்பது தீர்ப்பன்று, அனுமதி. கிடைக்காவிட்டால் வேறோர் ஆலிம். மருத்துவர் முதன்முறை இச்சொல்லை உச்சரித்த அன்றே மார்க்கம் அறிந்தவரிடமும் செல்வதே முறை. பிள்ளைக்காக ஏங்கி வரும் ஒரு பெண்ணிடம் ஒற்றைச் சொல்லைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவது ஆலிமுக்கும் அழகன்று. கணவன் மனைவிக்குள் செய்யப்படும் சோதனைக் குழாய் முறை கூடும் என்பதையும், அதில் இன்னும் எவ்வளவு வழி திறந்திருக்கிறது என்பதையும் அவர் எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடே தெரியாமல், ‘டெஸ்ட் டியூப் எல்லாமே ஹராமாமே’ என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வயதைத் தொலைத்த தம்பதியர் உண்டு.

இனிச் சட்டம். விரும்பும் எல்லோருக்கும் இவ்வழி திறந்திருக்கவில்லை. சான்று பெறும் நாளில் மனைவிக்கு 23 முதல் 50, கணவனுக்கு 26 முதல் 55 வயதிருக்க வேண்டும். பெற்றதாகவோ தத்தெடுத்ததாகவோ உயிருடன் ஒரு குழந்தை இருந்தால் விண்ணப்பிக்க இயலாது. அக்குழந்தை கடும் உடல்நலக் குறையோ மனநலக் குறையோ, உயிருக்கு ஆபத்தான நோயோ உடையதாக இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ‘பெண் பிள்ளை ஒன்று இருக்கிறது, ஆண் பிள்ளைக்காக’ என்று நினைப்போர் இத்துடன் நின்றுவிடலாம். கருவின் பாலினம் தேர்ந்தெடுப்பதும் குற்றமே.

மருத்துவக் காரணமும் வேண்டும். கருப்பை இல்லாமை அல்லது அகற்றப்பட்டமை, கருவைத் தாங்க இயலாத கருப்பைக் குறைபாடு, பலமுறை சோதனைக் குழாய் முறை தோற்றமை, காரணம் புலப்படாது தொடர்ந்து கரு கலைதல், கருவுற்றால் உயிருக்கே ஆபத்து என்னும் நோய் ஆகியவற்றை விதிகள் குறிப்பிடுகின்றன. இதனை மாவட்ட மருத்துவ வாரியம் சான்றளிக்க வேண்டும். தனியார் மருத்துவமனை எழுதித்தரும் தாள் போதாது. அடுத்து, முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றத்தில் பெற்றோர்நிலை, பாதுகாப்புரிமை குறித்த ஆணை பெற வேண்டும். தம்பதியரும் சுமக்கப்போகும் பெண்ணும் சேர்ந்தே இதற்கு விண்ணப்பிக்கிறார்கள். குழந்தை பிறந்தபின் பிறப்புக்குரிய உறுதிமொழி ஆவணமாக நிற்பதும் இவ்வாணையே. மூன்றாவதாக, அப்பெண்ணின் பெயரில் 36 மாதங்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பேற்றுக்குப் பின் வரும் சிக்கல்களையும் அது தாங்க வேண்டும். இவையனைத்தும் முடிந்து உரிய அலுவலரிடம் சான்று பெற்ற பின்னரே மருத்துவம் தொடங்கும். ‘தாள் வேலையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் அங்கிருந்து எழுந்து வருவது நலம். வணிக முறையை நாடும் தம்பதியருக்கே முதற்குற்றத்திற்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கையெழுத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் விதி திருத்தப்பட்டு, கணவன் மனைவியரில் ஒருவருக்கு மருத்துவக் குறை இருப்பதாக வாரியம் சான்றளித்தால் அவருக்குப் பதிலாக வேறொருவரின் முட்டையையோ விந்தையோ பயன்படுத்தலாம் என்றாயிற்று. சட்டம் இடம் தருகிறது. மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பதில் சுன்னத் வல் ஜமாஅத் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை காண்பதரிது. கட்டுக்கட்டாக நீட்டப்படும் படிவங்களில் இதற்கான ஒப்புதலும் ஒன்றாக இருக்கக்கூடும். ஒவ்வொரு தாளையும் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே ஒப்பமிட வேண்டும்.

மருத்துவத்தின் போக்கு பலரும் நினைப்பதைவிட நீளமானது. மனைவிக்கு ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள்கள் நாள்தோறும் ஊசி, இடையிடையே ஸ்கேன். பின் மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுத்தல். கருப்பை அகற்றப்பட்டவருக்கும் சினைப்பைகள் இருந்தால் இது இயலும். கரு ஐந்து நாள் வரை ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டு உறைநிலையில் வைக்கப்படும். மறுபுறம், சுமக்கும் பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரைகளால் கருப்பையின் உட்சுவரைத் தயார் செய்து கருவை வைப்பார்கள். பொதுவாக ஒரு கரு. சிறப்புக் காரணம் இருந்தால் மூன்று வரை விதி அனுமதிக்கிறது. ஒரு பெண்ணிடம் மூன்று முறைக்கு மேல் முயலக் கூடாது. வைத்த கரு தங்காமல் போவது அரிய நிகழ்ச்சியன்று; பத்துப் பதினான்கு நாள் கழித்து வரும் இரத்தப் பரிசோதனையில் ‘இல்லை’ என்ற விடையைப் பெறுவோர் ஏராளம். இளவயதுப் பெண், ஆரோக்கியமான கருப்பை, ஆகவே உறுதியாகப் பலிக்கும் என்று விளம்பரம் பேசினால் நம்ப வேண்டாம்.

இனி, சுமக்கப்போகும் அந்தப் பெண். அவருக்கு 25 முதல் 35 வயதிருக்க வேண்டும்; மணமானவராகவோ ஒருமுறை மணமாகியிருந்தவராகவோ இருக்க வேண்டும்; தமக்கென ஒரு குழந்தை பெற்றவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் இவ்வாறு சுமக்கலாம். தம் முட்டையைத் தரக் கூடாது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் சொல்லப்பட்ட பிற செலவுகள் தவிரப் பணமாகவோ பொருளாகவோ எதுவும் பெறக் கூடாது.

பணத்தைத் தடுத்தது நன்று. ஏழைப் பெண்களை விடுதிகளில் அடைத்துவைத்து வெளிநாட்டவருக்குப் பிள்ளை பெற்றுத் தந்த காலம் இந்நாட்டில் இருந்தது; குஜராத்தின் ஆனந்த் நகரம் அதற்காகவே உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்றது. அது ஒழிந்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் சந்தையில் நடந்த பேரம் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. கைம்மாறு பெறாமல் பத்து மாதம் தம் உடலைத் தர முன்வருபவர் யார்? அந்நியர் வருவாரா? விரல் உறவுகளை நோக்கியே நீளும். தங்கை, கொழுந்தியாள், நாத்தனார், சாச்சி மகள்.

‘ஒருமுறை மணமாகியிருந்தவர்’ என்று சட்டம் சொல்வதில் விதவையும் தலாக் ஆனவரும் அடங்குவர். முப்பது வயதில் கணவனை இழந்து, ஒரு பிள்ளையோடு காக்காவின் வீட்டில் ஒதுங்கியிருக்கும் தங்கையை நினைத்துப் பாருங்கள். அவருடைய பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவது காக்கா. இத்தா முடிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் உரத்துப் பேசியதில்லை. ஒரு மாலையில் உம்மா அருகில் வந்து அமர்ந்து, ‘உன் காக்காவுக்கு ஒரு வழி பண்ணும்மா’ என்று தொடங்கினால், அவர் சொல்லும் ‘சரி’ எத்தகைய சரி? சட்டத்தின் படிவத்தில் அது ஒப்புதல். நம் மனச்சான்றில்? ஒரு கன்னிப் பெண்ணின் நிக்காஹுக்கே அவளுடைய சம்மதத்தைக் கேட்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். உயிரைப் பணயம் வைக்கும் ஒரு காரியத்திற்குக் கடனையும் நன்றியையும் காட்டிச் சம்மதம் வாங்குவதற்கு என்ன பெயர் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்களே சொல்லட்டும்.

உயிரைப் பணயம் வைப்பது என்பது மிகைச் சொல்லன்று. இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு, சிசேரியன் எல்லாம் எந்தக் கர்ப்பத்திலும் உண்டு. தம் முட்டையில் உருவாகாத கருவைச் சுமப்போருக்குக் கர்ப்பகால இரத்த அழுத்தம் கூடுதலாக வருவதை மருத்துவர்கள் அறிவர். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அவருடைய சொந்தப் பிள்ளை அநாதையாகும். இந்தக் கேள்வி அந்த மாலைப் பேச்சில் எழுவதேயில்லை.

ஆகவே நம் கருத்து இது: மார்க்கத்தின் விடையை அறிந்த பின்னும் இவ்வழியில் செல்வதென்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், உதவி பெற்று அண்டி வாழும் பெண்ணிடம் அக்கேள்வியைக் கேட்கவே கூடாது. வேறு எவரிடம் கேட்டாலும் பயனடையப் போகும் தம்பதியரோ மாமியாரோ அருகில் இல்லாத இடத்தில், குடும்பத்தைச் சேராத ஒரு மருத்துவர் அவரிடம் தனியே பேச வேண்டும். கரு வைக்கப்படும் வரை எந்த நேரத்திலும் அவர் விலகிக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. அதை அவரிடம் முதலிலேயே, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விலகினால் பேச்சுவார்த்தை முறியும் என்ற அச்சம் இருக்கும் வீட்டில் அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

குழந்தை பிறந்தபின் எழுவது வேறொரு சிக்கல். சட்டப்படி அது விண்ணப்பித்த தம்பதியரின் சொந்தப் பிள்ளை. எல்லா உரிமையும் அதற்குண்டு. மார்க்க அறிஞர்களோ, ‘தாய்’ என்பவர் யார் என்பதில் இருவேறு கருத்தினர். ஈன்றெடுத்தவரே தாய் என்பது பெரும்பான்மையோர் கருத்து. சூரத்துல் முஜாதலாவின் இரண்டாம் வசனத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். முட்டை யாருடையதோ அவரே தாய், சுமந்தவர் பால்குடித் தாயைப் போன்றவர் என்பது வேறு சிலரின் கருத்து. எக்கருத்தை ஏற்றாலும் ஒன்று மாறாது: சுமந்தவரின் பிள்ளைகளுக்கும் இக்குழந்தைக்கும் இடையே நிக்காஹ் கூடாது.

இது நம்மிடையே மிகவும் கூர்மையாகக் குத்தும் இடம். அத்தை மகள், மாமன் மகன் என்று முதற்பேச்சே உறவுக்குள் தொடங்கும் சமூகம் நம்முடையது. சுமந்தவர் கணவனின் தங்கையாக இருந்து, செய்தியை மூன்று பேர் மட்டும் அறிந்து மறைத்துவிட்டால், இருபது ஆண்டுக்குப் பின் அந்த இரு வீட்டுக்கும் இடையே சம்பந்தம் பேச யார் தடை சொல்வார்? அறிந்த மூவரும் அன்று உயிருடன் இருப்பார்களா? இத்தகைய பிறப்பை மறைப்பதே மானம் என்று கருதும் வீடுகளுக்கு இதைவிட வலுவான மறுப்பு நமக்குத் தெரியவில்லை. எழுதி வைக்க வேண்டும். இரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அறிவு வந்த வயதில் சொல்ல வேண்டும்.

ஈன்றவரே தாய் என்னும் கருத்துப்படி வளர்க்கும் அன்னைக்கும் அப்பிள்ளைக்கும் வாரிசுரிமை இல்லை. வாழும் காலத்தில் ஹிபாவாகக் கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். சொத்து இருப்பவர் இதைத் தள்ளிப்போட்டால் நாளை உடன்பிறந்தவர்கள் ஒரு கையில் ஃபத்வாவும் மறு கையில் வழக்கறிஞர் அறிவிப்புமாக வருவார்கள். மஹ்ரம் விஷயத்தில் ஓர் எளிய தீர்வு உண்டு: வளர்க்கும் அன்னை குழந்தைக்குத் தாமே பாலூட்டுவது. கருவுறாத பெண்ணுக்கும் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் பம்பும் கொண்டு பால் சுரக்கச் செய்ய இயலும். முன்கூட்டியே தொடங்க வேண்டும், அளவு குறைவாகவும் இருக்கலாம். இரண்டு வயதுக்குள் ஐந்து தனித்தனி முறை ஊட்டினால் ஷாஃபி மத்ஹபில் பால்குடி உறவு உறுதியாகும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே போதும்.

இதே வாயில் தத்துப் பிள்ளைக்கும் திறந்திருப்பதைப் பலரும் எண்ணுவதில்லை. முஸ்லிம் ஒருவர் விரும்பினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. வளர்ப்புப் பிள்ளையை வளர்த்தவரின் நஸபில் சேர்க்கக் கூடாது என்ற குர்ஆனின் கட்டளை நிற்கிறது. வளர்க்காதீர்கள் என்று அது சொல்லவில்லை. பெண் குழந்தையாயின், கணவனின் சகோதரிக்கு அப்போது தாய்ப்பால் இருந்து அவர் ஊட்டினால் கணவன் பால்குடி முறையில் தாய்மாமன் ஆகிறார். ஆண் குழந்தையாயின், மனைவியின் சகோதரி ஊட்டினால் மனைவி சிறிய தாய் ஆகிறார். பருவம் வந்தபின் ஹிஜாபு எப்படி என்று கேட்டுத் தத்தெடுக்கத் தயங்குவோருக்கு இதுவே விடை. பத்து மாதம் சுமக்கும்படி ஒரு தங்கையிடம் கேட்பதைவிட, சில நாள் பால் தரும்படி கேட்பது எவ்வளவு இலகுவான வேண்டுகோள்!

இவற்றில் எதையும் நாடாமல் இருப்பதும் ஒரு வழியே. ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களை உம்முல் மூமினீன் என்கிறோம். அதே நாம், வலீமா விருந்தில் பக்கத்தில் அமர்ந்தவளிடம் ‘இன்னும் ஒன்றும் விசேஷம் இல்லையா?’ என்று கேட்டுவிட்டு, அவள் சோற்றைப் பிசைந்தபடி குனிந்திருப்பதைக் கண்டும் காணாதவர் போல அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். பலரை மருத்துவமனை வாசலுக்குத் தள்ளியது பிள்ளை ஆசை மட்டும்தானா, இந்தக் கேள்வியுமா என்பதை அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். பிள்ளைக்காக முயலும் தம்பதியரிடம் குடும்பத்தார் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு: மருத்துவச் செய்தியை அவர்களாகச் சொல்லும் வரை யாரும் கேட்பதில்லை என்று வீட்டில் ஒரு முடிவு. மாமியார் அதை முன்மொழிந்தால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள்.